கதையில் வரும் மாமாவும் கடையில் இருக்கும் மாமாவும்

மகனே, நலம் விசாரித்துத் தொடங்கும் நிலையில் நாம் இருவரும் இல்லை. போன மாதம் போனில் நான் கத்தினேன், நீயும் கத்தினாய். "நான் வந்தாத்தான் பிரச்சினைன்னா கல்யாணத்துக்கே வரலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எது அனுப்பினாலும் உன்னிடமிருந்து கட்டைவிரல் படம்தான் வருகிறது. உன் தங்கைக்கு எடுத்த முகூர்த்தப் பட்டுக்கும் கட்டைவிரல், எனக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதற்கும் கட்டைவிரல். அதனால் எழுதுகிறேன். பாதியில் துண்டிக்க இது போன் இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி. நானும் உன் கதையைப் பொறுமையாகத்தான் படித்தேன், ஒரு தடவை அல்ல, பல தடவை.

நீ மாத இதழில் எழுதிய அந்தச் சிறுகதையை உன் சித்தி மகன் நம் குடும்பக் குழுவில் போட்டான். போட்டவன் சும்மா போடவில்லை, "நம்ம மாமாவப் பத்தி எழுதிருக்கான்" என்று மேலே ஒரு வரியும் சேர்த்துப் போட்டான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. கதை முழுக்க "நான்" என்று ஒரு சின்னப் பையன் பேசுகிறான். ஆற்றின் நடுவே ஒரு பாறையில் அவனும் அவன் மாமாவும் நிற்கிறார்கள். மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் ஏறுகிறது. மாமா பையனின் கையில் ஒரு கடலைப் பொட்டலத்தைக் கொடுத்து, அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, தான் மட்டும் நீந்திக் கரையேறி ஓடிவிடுகிறார். திரும்பி வரவே இல்லை. பையன் பொட்டலத்தைப் பிடித்தபடி நிற்கிறான், தண்ணீர் முழங்காலுக்கு வருகிறது, அத்தோடு கதை முடிகிறது. ஓடிப்போன அந்த மாமாவுக்கு இடது புருவத்தில் ஒரு தழும்பு என்று எழுதியிருந்தாய்.

உன் மாமாவுக்கு அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று ஊரில் வேறு யாருக்கு மறந்தாலும் உனக்கும் எனக்கும் மறக்காது. சேரன்மகாதேவி படித்துறையில் நீ வழுக்கி ஆற்றில் போனபோது, துண்டைக்கூட அவிழ்க்காமல் குதித்தவன் அவன். உள்ளே இருந்த கல்லில் முகம் மோதிப் புருவம் பிளந்துவிட்டது. ரத்தம் ஒரு கண்ணை மறைக்க, மறு கண்ணால் பார்த்து உன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தான். உனக்கு ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தையல் போடும்போது, "பயலுக்குக் குளிருது, ஒரு காப்பி வாங்கிக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். காப்பாற்றிய நாளில் வந்த தழும்பை எடுத்து ஓடிப்போனவன் முகத்தில் வைத்துவிட்டாயே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

அவன் உரக்கடைக்கு யூரியா வாங்க வந்த ஒருவர், பில் போடும் நேரத்தில் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, நீங்க ஆத்துல மருமவனத் தனியா விட்டுட்டு ஓடிட்டியளாமே, உள்ளதா?" விளையாட்டுக்குத்தான் கேட்டார். உன் மாமாவும் சிரித்துவிட்டு மூட்டையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். ஆனால் அன்றிலிருந்து அவன் ஆற்றுப் பக்கம் குளிக்கப் போவதில்லை என்று உன் அத்தை சொன்னாள். காலையில் ஆற்றில் முங்காமல் கடை திறந்த நாள் அவனுக்குக் கிடையாது. இப்போது வீட்டுக் குழாயடியில் வாளியோடு நிற்கிறான்.

இந்த நிலையில்தான் நான் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு அழைக்கப் போனேன். உன் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் அவன். அப்பா இருக்கிற இடத்தில் அப்பா செய்வது, நம் வீட்டில் மாமாவும் அத்தையும் செய்வது என்று அவள் தவழ்ந்த காலத்திலேயே முடிவான விஷயம். தட்டை வாங்கி வைத்துக்கொண்டு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எக்கா, கல்யாணத்துக்கு வாரேன். ஒரு ஓரமா உக்காந்து சாப்பிட்டுட்டுப் போறேன். தாரை வார்க்க மட்டும் என்னக் கூப்பிடாத. கைய விட்டுட்டு ஓடினவன்னு சொல்லுதாவ. அந்தக் கையால பிள்ளையப் பிடிச்சுக் குடுத்தா மாப்பிள்ளை வீட்டுக்காரவ என்ன நினைப்பாவ?" நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவன் தட்டில் இருந்த பழத்தை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தான், நிமிரவில்லை. வீட்டுக்கு வந்ததும்தான் உனக்குப் போன் போட்டேன்.

போனில் நீ என்ன சொன்னாய்? "எம்மா, அது சிறுகதை. புனைவு. அதுல வார 'நான்' நான் இல்ல, அது கதைசொல்லி. ஒனக்குச் சொன்னாப் புரியாது." முதல் மூன்றும் எனக்கு நிஜமாகவே புரியவில்லை. கடைசியாகச் சொன்னது நன்றாகப் புரிந்தது. செய்ததைச் செய்துவிட்டுப் பெரிய பெரிய வார்த்தைக்குப் பின்னால் ஒளிகிறான் என்று நினைத்தேன். நான் வேலை பார்த்தது எங்கே என்று உனக்குத் தெரியும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கப் படித்த எழுத்தெல்லாம் "நான்" என்றுதான் தொடங்கும். "நான் என் முழு மனதோடு எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம்." அந்த "நான்" எதிரே நிற்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும், இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். "அந்த 'நான்' நான் இல்லை" என்று யாராவது அங்கே வந்து சொன்னால் போலீசைக் கூப்பிடுவோம். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் உன் கதையைப் படித்தேன். ஆறு சரி, ஊர் சரி, தழும்பு சரி, நடந்தது மட்டும் பொய். பொய்ப் பத்திரம் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

சொன்னால் புரியாது என்று நீ சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நம் மாடியில் புதிதாகக் குடி வந்திருக்கிற பெண், நாங்குநேரிக்காரி, கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாள். உன் தங்கையை விட நாலைந்து வயதுதான் மூத்தவள். சாயங்காலம் சுண்டலோ வடையோ எடுத்துக்கொண்டு மேலே போய், "எனக்குப் பாடம் எடு தாயி" என்று உட்கார்ந்துவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளைக்குத் தப்பிக்க வழியில்லை. கட்டுரை என்றால் எழுதுகிறவரே தன் பெயரில் பேசுவது, தப்பாகச் சொன்னால் அவரைப் பிடித்துக் கேட்கலாம் என்றாள். தன்வரலாறு என்றால் எழுதுகிறவரும் உள்ளே வரும் "நான்" என்பவரும் ஒரே ஆள், நடந்ததை நடந்தபடி சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு எழுதுவது. சிறுகதைக்கும் நாவலுக்கும் அந்த வாக்கு கிடையாது, இரண்டும் புனைவு. நாவல் பல பேரோடு பல காலம் ஊரெல்லாம் சுற்றிவரும், சிறுகதை ஒரே இடத்தைப் பார்த்துப் போய் அங்கே நிறுத்திவிடும். கதையைச் சொல்ல ஒருவன் வேண்டும் அல்லவா, எழுத்தாளன் அவனை உண்டாக்குகிறான், அவன்தான் கதைசொல்லி. அங்கதம் என்று ஒன்று சொன்னாள், சிரிக்கச் சிரிக்கப் பேசிக் குத்துவதாம். அதற்கு எனக்குப் பாடம் வேண்டியிருக்கவில்லை, உன் அப்பாவின் அக்காவோடு பத்து வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தவள் நான்.

ஆச்சரியம் என்னவென்றால், இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, பெயர்தான் தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் வாழ்த்து மடல் வாசிக்கிறார்கள், மாப்பிள்ளையைச் சூரியன் என்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குச் சுடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. குடித்தே செத்தவன் வீட்டு ஒப்பாரியில் அவன் பெண்டாட்டி அவனை ராசா, தங்கரதம் என்று பாடி அழுகிறாள், அவன் அடித்த அடி தெரிந்த நாமும் கூட உட்கார்ந்து அழுகிறோம். கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்காரர் "நான் கழுத்தை அறுத்தேன்" என்று பாடுகிறார், யாரும் அவரை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போவதில்லை. எந்த எழுத்தை எந்த மனதோடு கேட்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். நம் வீட்டுப் பையன் எழுதினான் என்றதும் எல்லோருக்கும் அது மறந்துவிட்டது. எனக்குத்தான் முதலில் மறந்தது.

ஒருநாள் மாடிப் பெண்ணிடம் உன் கதையையே கொடுத்தேன். நம் வீட்டுக் கதை எதுவும் அதுவரை அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லியிருக்கவில்லை. படித்து முடித்துவிட்டு, நான் எதையெல்லாம் பொய் என்கிறேன் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க இதப் பத்திரம் மாதிரி படிக்கியம்மா. எல்லை சரியா இருக்கா, சாட்சி யாருன்னு பாக்கிய. மாமா என்ன செஞ்சாருங்கறத விடுங்க. அந்தப் பையன் என்ன சொல்லுதான்னு ஒரு தடவ பைய, நிதானமாப் படிங்க." கூடவே இன்னொன்றும் சொன்னாள். ஒன்றைச் சொல்லி, 'போல' என்று இன்னொன்றை ஒப்பிட்டால் உவமை. 'போல'வை எடுத்துவிட்டு இதுதான் அது என்று சொன்னால் உருவகம். சொல்ல வந்ததை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், வேறொன்றை மட்டும் சொல்லி அதன் வழியாக விளங்க வைத்தால் அது பிறிதுமொழிதல். பள்ளிக்கூடத்தில் நானும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதுதான். எதற்கு உதவும் என்று அப்போது யோசித்ததில்லை.

கீழே வந்து மறுபடி படித்தேன். பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு அந்த மனிதர் சொல்கிற ஒரே ஒரு வரி. "இங்கனயே நில்லு, இந்தா வந்துருதேன்." இத்தனை தடவை படித்தும் இந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன் பார். மகனே, இது உன் மாமா சொன்னது இல்லை. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில், தூணுக்குப் பக்கத்தில் உன்னை நிற்க வைத்து, கையில் கடலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, உன் அப்பா சொன்னது. சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறியவர் அங்கேயே வேறு குடும்பத்தோடு தங்கிவிட்டார். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் அது. ஆனால் அவர் போகும்போது சொன்ன இந்த வார்த்தை, வீட்டுக்கு வந்ததும் நீ என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னது. நானும் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நீ உன் அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. பிள்ளை மறந்துவிட்டான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். நீ மறக்கவில்லை, பாறையில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன்.

அந்தத் தழும்பு ஏன் என்பதும் அப்போது கொஞ்சம் பிடிபட்டது. நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். உனக்கு அப்பாவின் முகம் சரியாக நினைவில் இல்லை என்று நினைக்கிறேன். வீட்டிலும் அவர் படம் எதையும் நான் வைக்கவில்லை. ஒரு ஆண் முகத்தை எழுத வேண்டி வந்தபோது, உன் கைக்கு எட்டியது ஒரே முகம்தான். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்ட முகம், சைக்கிள் பழக்கிய முகம். அப்பா என்று எழுத வேண்டிய இடத்தில் அந்த முகத்தை வைத்துவிட்டாய். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எழுதுகிற பிள்ளைக்கு அம்மாவாக ஒன்று சொல்வேன். உன் கதை புனைவாக இருக்கலாம், அதைப் படிக்கிற ஊர் புனைவு இல்லை. யூரியா வாங்க வருகிறவரிடம் கதைசொல்லி யார், ஆசிரியர் யார் என்று உன் மாமா வகுப்பெடுக்க முடியாது. நீ எழுதுவதை நிறுத்தாதே, அம்மாவைப் பற்றியும் எழுது, நான் தாங்குவேன். ஒரு தழும்பை மட்டும் வலது புருவத்துக்கு மாற்றியிருக்கலாம், இல்லை காதுக்குக் கொண்டுபோயிருக்கலாம். கதைக்கு அதனால் ஒன்றும் குறைந்திருக்காது. உயிரோடு இருக்கிற மனிதரிடமிருந்து ஒரு அடையாளத்தை எடுக்கும்போது, அது அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார், அது போதும்.

மறுநாளே சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறினேன். கடையில் கூட்டம் இல்லை. மூலையில் புதுப் பாய் ஒன்று சுருட்டி நிறுத்தியிருந்தது. பத்தமடையில் சொல்லி, பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் போட்டு நெய்யச் செய்திருக்கிறான். தாரை வார்க்க மாட்டேன் என்று சொன்னவன் செய்த வேலை அது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பாய் குடுக்கதுக்கு என்ன, யாரும் குடுக்கலாம்லா" என்றான். நான் சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு, மாடியில் படித்த பாடத்தையெல்லாம் அவனுக்கு ஒப்பித்தேன். சிறுகதை, புனைவு, கதைசொல்லி. ஒப்பாரியைச் சொன்னபோது தலையாட்டினான். பிறகு பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன், கடலைப் பொட்டலத்தைச் சொன்னேன், உன் அப்பா சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அன்றைக்கு ஊரெல்லாம் தேடி, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் உன்னைக் கண்டுபிடித்துத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். நீ ஒரு கடலைகூடத் தின்னாமல் பொட்டலத்தைப் பிடித்திருந்தாய் என்பது அவனுக்குத் தெரியும். ஏன் என்பது நான் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவன் துணி ஒன்றை எடுத்தான். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அப்போ அது அத்தானா?"

"ஆமா."

"மருமவங்கிட்ட இதக் கேட்டியா நீ?"

"இல்ல. ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லுதேன்."

"கேக்காத, எக்கா. அப்பன்னு எழுத பிள்ளைக்கு மனசு வரல போல. எம்பேர்லயே கெடந்துட்டுப் போவுது. எனக்கு என்ன கொறஞ்சிரப் போவுது?"

அப்படி விட எனக்கு மனதில்லை. படித்துறையில் நடந்தது என்ன, தழும்பு எப்படி வந்தது என்பதை மட்டும் குடும்பக் குழுவில் எழுதிப் போட்டுவிட்டேன். உன் சித்தி மகன் அவனாகவே போன் செய்து மாமாவிடம் மன்னிப்புக் கேட்டான். பஸ் ஸ்டாண்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, அது உன்னுடையது. அதை நீ கதையாக எழுதினாலும் சரி, தன்வரலாறாக எழுதினாலும் சரி, எழுதாமலே வைத்துக்கொண்டாலும் சரி. நான் கேட்க மாட்டேன், இந்தக் கடிதத்துக்குப் பதிலிலும் நீ அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

நான் கிளம்பும்போது உன் மாமா பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். தாரை வார்ப்பதைப் பற்றி நான் மறுபடி கேட்கவில்லை, பயமாக இருந்தது. அவனே பேசினான். "முகூர்த்தம் எத்தன மணிக்கு? ஒன் தம்பி பெண்டாட்டி சேலை கட்டவே ஒரு மணி நேரம் ஆக்குவா, முன்னாலயே சொல்லிரு." நேரத்தைச் சொன்னேன். பஸ் வந்தது. நான் படியில் கால் வைத்த பிறகு, எதையோ மறந்தவன் மாதிரி பக்கத்தில் வந்தான்.

"எக்கா, அந்தக் கதையில கடைசி வரைக்கும் அந்தப் பய அங்கனயே நிக்கான்லா. யாருமே வந்து தூக்கல. படிச்சதுலருந்து எனக்கு அதுதான் ஒரு மாதிரி இருக்கு. இவன் எந்த வண்டியில வாரான்னு கேளு. நான் ஜங்ஷனுக்குப் போய்க் கூட்டிட்டு வாரேன்."

நான் கேட்கப் போவதில்லை. எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று உன் மாமாவுக்கு நீயே போன் செய்து சொல்லிவிடு.

உன் அம்மா